நாரியில் பிறந்து காலில் இறங்கும் நோவு

நாரியிலிருந்து தொடையின் பின்புறமாகப் பாதம் வரை இறங்கும் நோவை மேலைநாட்டு வைத்தியர் நெடுங்காலம் இடுப்பு மூட்டின் பிணியென்றே கருதினர். 1764 ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் டொமெனிக்கோ கொட்டுனியோ, மூட்டில் எழும் நோவு வேறு, நரம்பில் எழும் நோவு வேறு எனப் பிரித்துக் காட்டினார். ஆயினும், நரம்புறையில் நீர் தேங்குவதே காரணமென்றெண்ணிய அவர், காலிற் கொப்புளம் எழுப்பி அதனை வெளியேற்ற முயன்றார்.

1934 இலேயே பொஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும், முள்ளந்தண்டு என்புகளுக்கிடையே உள்ள வட்டுப் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவது முக்கிய காரணமென நிறுவினர். நோவு உணரப்படும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் மற்றொன்று என்பது அப்போது தெளிவாயிற்று. சத்திர சிகிச்சையும் பெருகிற்று.

எனினும், பெரும்பாலோர்க்கு அது வேண்டுவதில்லை. சில வாரங்களில் நோவு தானே தணியும். படுக்கையிற் கிடத்தலினும் இயன்றவரை நடமாடுதலே நன்று. காலின் வலுக் குன்றினாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ தாமதியாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.