கடற்கோளும் கடல்மட்டமும்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் கரையேறிய பின்னர் 'கடற்கோள்' என்ற பழைய சொல் எமது பத்திரிகைகளில் மீண்டும் உயிர்பெற்றது. அச்செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த நாட்களிலேயே அச்சொல் என்னை உறுத்தியது. பேரலை உயிர்களையும் உடைமைகளையும் கொண்டுசென்றது. நிலத்தைப் பெரும்பாலும் சில மணி நேரத்தில் திருப்பித் தந்துவிட்டது. நிலத்தைக் கொண்டபின் தராத கடல் வேறு. அது அலையாக வருவதில்லை.

தென்மதுரையும் கபாடபுரமும் கடலுள் மறைந்த கதையை இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 49 நாடுகள் இருந்தன என்று அடியார்க்குநல்லார் கணக்கே தருகிறார். களனி திஸ்ஸன் காலத்தில் கடல் பொங்கியதாக மகாவம்சமும் சொல்கிறது. இந்த ஒரு நினைவிலாவது இரு இனத்தாரும் ஒன்றுபடுகிறார்கள். 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகஸ்காரின் லெமூர் விலங்குகளுக்கும் எமது காட்டுத் தேவாங்குக்கும் உள்ள உறவை விளக்க, இந்து சமுத்திரத்தில் லெமூரியா என்றொரு கண்டத்தைக் கற்பித்தார். கண்டங்கள் நகர்கின்றன என்பது நிலைநாட்டப்பட்டதும் விஞ்ஞானத்துக்கு அக்கண்டம் தேவைப்படவில்லை. எம்மவர்க்கு மட்டும் இன்றும் தேவைப்படுகிறது.

ஆனால் கடல் கொண்ட நிலம் உண்மையிலேயே உண்டு. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடும் பனிக்காலத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அந்த நீரின் பெரும்பகுதி கனடாவின் மீதும் வட ஐரோப்பாவின் மீதும் மலைபோன்ற பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. இதை எப்படி அறிந்தார்கள்? ஆழங்குறைந்த நீரில் மட்டும் வளரும் ஒருவகை முருகைக்கல் உண்டு. பார்படோஸ் தீவின் கடலடியைத் துளையிட்டு, 100 மீற்றருக்கும் கீழே இறந்துகிடந்த அதே முருகைக்கல்லை எடுத்து அதன் வயதைக் கணித்தார்கள். அதன் முடிவுகள் 1989இல் வெளியாயின. பனி உருக, கடல் ஏறியது. எப்போதும் ஒரே வேகத்தில் அல்ல. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன்னர், சில நூற்றாண்டுகளுக்குள் பத்து மீற்றருக்கும் கூடுதலாக உயர்ந்தது. பிரான்சின் மார்செய் நகருக்கு அருகே, குதிரைகளும் கடற்பறவைகளும் தீட்டப்பட்ட கொஸ்கே குகையின் வாயில் இன்று 37 மீற்றர் நீருக்கடியில் இருக்கிறது. தீட்டியவர்கள் அதனுள் நடந்தே சென்றிருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் நடந்ததும் இதுவே. பாக்குநீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. கடல் 120 மீற்றர் இறங்கியபோது இலங்கை தீவாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தமிழகத்துக்குக் கால்நடையாகப் போகலாம். எந்தக் கடற்படையும் மறித்திராது. இறுதியாக நிலத்தொடர்பு அறுந்தது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணிப்பு. கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் சிறிது நிலம் இருந்தது. 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கை இழந்த வாட்ஜ் மீன்பிடித் திட்டின் ஆழங்குறைந்த பகுதிகள் அன்று தரையாகவே இருந்திருக்கும். அத்திட்டுக்கு அப்பால் ஆழ்கடல். அங்கே மூழ்கிய கண்டம் எதுவுமில்லை. எனவே இழந்த நிலத்தைத் தேடுவோர் மடகஸ்காரை நோக்கிப் பயணப்படாமல், மன்னாரிலும் பாக்குநீரிணையிலும் குனிந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம். அங்கே மாநகரங்கள் இருந்தனவென்று நான் சொல்லவரவில்லை. கல்லாயுதம் ஏந்திய வேட்டுவர் திரிந்த வெளி அது.

நிலம் கொடுத்ததும் கடல்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல், மயோசீன் காலத்தில் ஆழமற்ற கடலுக்கடியில் படிந்தது. காங்கேசன்துறையில் நாங்கள் சீமெந்தாக்கியது அந்தக் கடற்படுக்கையைத்தான். அதற்கும் வெகு முன்னர், டைனோசர் காலத்தில், வட அமெரிக்காவின் நடுப்பகுதியை ஊடறுத்து ஒரு கடல் கிடந்தது. வெகுதூரம் போகவேண்டியதில்லை: 125,000 ஆண்டுகளுக்கு முன்னர், இன்றையதைவிடச் சற்றே வெப்பமான ஓர் இடைக்காலத்தில், கடல்மட்டம் 5 முதல் 10 மீற்றர் வரை உயர்ந்திருந்தது.

எழுத்துப் பிறந்ததும் துறைமுகங்கள் எழுந்ததும் கடைசி ஆறாயிரம் ஆண்டுகளில், கடல் பெரும்பாலும் அடங்கியிருந்தபோதுதான். அந்த அடக்கம் இப்போது குலைகிறது. 1901இலிருந்து 2018 வரை கடல்மட்டம் 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1993ஐ அடுத்த பத்தாண்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அண்மைப் பத்தாண்டில் 4 மில்லிமீற்றருக்கும் கூட. பழைய பனியுருக்கத்தோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். அன்றைய வேட்டுவன் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்குப் போனான். கொழும்பைப் பிடுங்க முடியாது.

குடாநாட்டில் கடல் முற்றத்துக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எமக்கில்லை. சுண்ணக்கல்லினுள் உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளுகிறோம். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. நிலம் தாழ்ந்து, கிணற்று நீர் கடலோடு கூடவே உயர இடமில்லாத ஊர்களில், கடல் ஓர் அடி ஏறினால் அந்த 40 அடியும் போய்விடும். தீவகத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகளை இப்போதே விரல்விட்டு எண்ணலாம்.