நேட்டாலில் ஒரு சபை, ஒரு குடும்பம்

கொஞ்ச நாளாக நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு வரி. முதலில் எண். அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர். சாதிப் பத்தியில் வன்னியர், வேளாளர், பறையர் என்று வரிசையாகப் போகும். நடுவில் திடீரென்று 'கிறிஸ்டியன்' என்று வரும். எழுதின குமாஸ்தாவுக்கு அதுவும் ஒரு சாதிதான் போல! முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் தோன்றியது, இந்தப் பட்டியலைப் பார்த்து யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்வதே கஷ்டம். தோட்டத்துக்குத் தேவைப்பட்டது கை கால்கள்தானே, உறவு இல்லையே.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16-ம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரைக்கும் சுமார் 1,52,000 பேர் அப்படி நேட்டாலுக்குப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்து ஆட்கள். தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். 5 வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. பெரும்பாலானவர்கள் போனது கரும்புத் தோட்டங்களுக்கு. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது வேண்டும் என்று விதி. அந்தக் கணக்கு ஒன்றே போதும், அங்கே குடும்பம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று புரிந்துகொள்ள. குழந்தை பிறந்தால் மடியில் வைத்துக் காது குத்தத் தாய்மாமன் இல்லை. கல்யாணம் பேசப் பெரியப்பா இல்லை.

இவர்களில் சிலர் சர்ச்சுக்குப் போனது ஏன்? நம் ஊரில் ரெண்டு ரெடிமேட் பதில் உண்டு. ஒன்று, 'சோத்துக்கு மதம் மாறினாங்க'. இன்னொன்று மிஷன் அறிக்கைகளில் வருவது, இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தார்கள் என்பது. ரெண்டுமே எனக்குப் போதவில்லை.

முதலில், சாமி இல்லாமல் தவித்தவர்கள் அல்ல இவர்கள். போன இடத்தில் எல்லாம் கோயில் கட்டினார்கள். டர்பன் பக்கத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இன்றைக்கும் பெரிய திருவிழா நடப்பது பெரிய வெள்ளிக்கிழமை, ஈஸ்டர் நாட்களில். தோட்டத்துக்கும் ஆலைக்கும் லீவு கிடைத்த நாளில் அம்மனைக் கும்பிட்டார்கள், அவ்வளவுதான். ஆக சர்ச் கொடுத்தது வேறு ஏதோ ஒன்று.

கியர்ஸ்னி கதை இங்கேதான் வருகிறது. நேட்டாலின் வடக்குக் கடற்கரைப் பக்கம் லீஜ் ஹியூலெட் என்பவரின் தேயிலைத் தோட்டம் அது. நெல்லூர், ஓங்கோல் பக்கத்திலிருந்து வந்த தெலுங்கு பாப்டிஸ்ட் குடும்பங்கள் சில அங்கே இருந்தன. ஓங்கோல் என்றால் சாதாரண இடமில்லை. பெரும் பஞ்சத்துக்குப் பிறகு 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்ற வட்டாரம். அப்படி ஊரிலேயே சபை வைத்துப் பழகியவர்களுக்கு, இங்கே தெலுங்கில் ஜெபம் சொல்லக்கூட ஒரு ஊழியர் இல்லை. தாங்களாகவே கூடினார்கள். 'எங்களுக்கு ஒரு ஊழியரை அனுப்புங்கள்' என்று ஊரில் இருந்த சபைகளைக் கேட்டார்கள். 1903-ல் ஜான் ரங்கையா குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அந்த டிசம்பரிலேயே கியர்ஸ்னியில் தெலுங்கு பாப்டிஸ்ட் சபை முறைப்படி தொடங்கியது.

கவனியுங்கள். அனுப்பியது நெல்லூர்ப் பக்கத்துச் சபைகள். வந்தவர் தெலுங்கர். கூப்பிட்டவர்கள் தோட்டத்துக் கூலிகள். வெள்ளைக்காரர் வந்து மனம் மாற்றிய கதைக்குள் இதை எப்படி அடக்குவது? இது, தொலைந்துபோன ஊரின் ஒரு துண்டைக் கடல் கடந்து வரவழைத்துக்கொண்ட கதை.

மொழியைப் போலவே சட்டமும் முக்கியம். 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி மால்கம் சீர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்காது என்பது அதன் சாரம். ஊர் கூடித் தாலி கட்டினவள் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை! பெண்கள் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் காலத்தில் சர்ச் பதிவேட்டில் 'இன்னாருடைய மனைவி, இன்னாருடைய பிள்ளை' என்று ஒரு வரி இருப்பதன் மதிப்பு நமக்கு இன்று சட்டென்று புரியாது.

அடுத்த கட்டம் வேறு மாதிரி. ஒப்பந்தம் முடிந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் வேலை தேடி வந்துவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஜே. எஃப். ரோலண்ட்ஸ் என்ற இளைஞர் 1925-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இந்தியர் நடுவே பெந்தெகொஸ்தே ஊழியத்தைத் தொடங்கினார். 1931-ல் அது டர்பனுக்கு வந்து, பெதஸ்தா என்ற பெயரில் வளர்ந்தது. இங்கே வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு பேசும் இந்துக் குடும்பங்கள். வியாதிக்கு ஜெபம் ஒரு காரணம். இன்னொன்றை 1975-ல் வந்த தன் புத்தகத்தில் ஊஸ்ட்ஹ்யூசன் என்ற ஆய்வாளர் அழுத்திச் சொல்கிறார்: கூட்டுக் குடும்பம் உடைந்துகொண்டிருந்த நேரம் அது. பிறகு 1950-ல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. இந்தியர்களைப் பழைய குடியிருப்புகளிலிருந்து கிளப்பி, 1960-களில் சாட்ஸ்வொர்த்தில் சின்னச் சின்ன வீடுகளில் அடைத்தது அரசு. பாட்டி ஒரு தெரு, சித்தப்பா ஒரு தெரு. அப்படிப்பட்ட இடத்தில் 'பிரதர், சிஸ்டர்' என்று கூப்பிடுவது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியில் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இதில் இழப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு மிஷன் அறிக்கை எழுதினவனாகிவிடுவேன். மூத்த பிள்ளை சபைக்குப் போய்விட்டால் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது யார்? அம்மா ஏற்றுகிற விளக்கின் முன்னால் மருமகள் நிற்பாளா? புதுக் குடும்பம் கிடைத்த அதே நாளில் பழைய குடும்பத்தில் ஒரு கோடு விழுந்தது. மொழியும் நிற்கவில்லை. 1862-ல் நேட்டால் வந்த மெதடிஸ்ட் ஊழியர் ரால்ஃப் ஸ்டாட், அதற்கு முன் இலங்கையில் தமிழர்களிடையே ஊழியம் செய்தவர். அன்றைக்குத் தமிழ் கேட்பதற்காகவே சர்ச்சுக்குப் போயிருக்கலாம். சில தலைமுறை கழித்து அங்கேயும் வீட்டிலும் இங்கிலீஷ்தான். சர்ச் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் தாய்மொழி ஜெபத்துக்காக ஊழியரை வரவழைத்த கியர்ஸ்னியை நினைத்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தென்னாப்பிரிக்காவிலோ இங்கேயோ, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஞானஸ்நானச் சீட்டோ கல்யாணச் சீட்டோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்றைக்கு நீங்கள் எந்த மதத்தில் இருந்தாலும் சரி. கப்பல் பட்டியல் ஆளைத்தான் காட்டும். அந்த ஆளுக்கு யார் யார் சொந்தம் என்பது பல சமயம் இந்த மாதிரி ஒரு கிழிந்த தாளில்தான் இருக்கிறது.