அம்பாரி இறங்கிய பின்

விழாக்களில் விலங்குகள் பெறும் சிறப்பை நாம் அறிவோம். விழாவினின்று விலகிய பின் அவை என்ன ஆகின்றன என்று கேட்பவர் சிலரே. மைசூர்த் தசராவின் அம்பாரி யானைகளது வரலாறு இக்கேள்விக்கு விடை கூறுகிறது. மைசூரிலும் பெங்களூரிலும் குடியேறிய தமிழன்பர்களுள் பலர் அவ்வூர்வலத்தை நேரிற் கண்டிருப்பர்.

1610-ஆம் ஆண்டில் இராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தில் இவ்விழாவைத் தொடங்கினார். முன்னாளில் பொன் அம்பாரியில் மன்னரே வீற்றிருந்தார். பிற்காலத்தில் சாமுண்டீசுவரி அன்னையின் திருவுருவம் அவ்விடத்தைப் பெற்றது. அம்பாரியின் எடை ஏறத்தாழ 750 கிலோ. அதனைச் சுமந்து அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர், பெருந்திரளின் நடுவே யானை நடந்தாக வேண்டும். ஆதலின் வலிமையும் சாந்தமும் ஒருங்கே வாய்ந்த யானையையே தேர்ந்தெடுப்பர். மணல் மூட்டைகளை ஏற்றி நடத்தியும், பீரங்கி முழக்கத்திற்கு அஞ்சாதவாறு பழக்கியும் பயிற்சி அளிப்பர்.

விழா முடிந்ததும் இவ்யானைகள் காட்டு முகாம்களுக்குத் திரும்பிவிடும். அங்கும் அவற்றுக்கு ஆபத்து உண்டு. பன்முறை அம்பாரி சுமந்து புகழ்பெற்ற துரோணன் ஓய்வுக் காலத்தைக் காணவே இல்லை. 1998-இல் காட்டில் தழை தின்னுகையில் மின்சாரம் தாக்கி மாண்டது. அடுத்து வந்த பலராமன் 1999 முதல் 2011 வரை அம்பாரி சுமந்தது. அதன்பின் சில ஆண்டுகள் ஊர்வலத்தின் முன்னே கொடி யானையாகச் சென்றது. 2022 டிசம்பரில், முகாமுக்கு அருகே வயலுக்குள் நுழைந்தபோது குண்டடி பட்டது. சிகிச்சையால் அப்போது உயிர் தப்பினும், 2023 மே மாதத்தில் நோயுற்று இறந்தது.

அர்ஜுனனின் முடிவு இன்னும் சிந்திக்கத்தக்கது. 1968-இல் காக்கனகோட்டைக் காட்டில் பிடிபட்ட அவ்யானை 2012 முதல் 2019 வரை எட்டு முறை அம்பாரி சுமந்தது. அறுபது வயதைக் கடந்த யானை மீது பெருஞ்சுமை ஏற்றலாகாது என்னும் விதிப்படி, 2020-இல் அப்பொறுப்பு அபிமன்யுவுக்குச் சென்றது. சுமை இறங்கிற்று, வேலை ஓயவில்லை. ஹாசன் மாவட்டத்துச் சக்லேசுபுரம் வட்டாரத்தில் காட்டு யானைகளைப் பிடித்துக் கழுத்தில் வானொலிப் பட்டை பூட்டும் பணிக்குக் கும்கியாக அனுப்பப்பட்டது. 2023 டிசம்பர் 4-ஆம் நாள் காட்டுக் கொம்பன் ஒன்று எதிர்த்துப் பாய்ந்தது. பாகர்கள் இறங்கித் தப்பினர். அர்ஜுனன் தனித்து நின்று போரிட்டு மடிந்தது. வீழ்ந்த இடத்திலேயே அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.

பயிர்களையும் மக்களையும் காக்கக் கும்கிகள் தேவையே. அனுபவம் மிக்க யானைக்கு ஈடு எளிதிற் கிடைப்பதும் இல்லை. ஆயினும் முதுமையை உத்தேசித்து 750 கிலோ சுமையை விலக்கிய நாம், அதே முதுமையை மறந்து இளங்கொம்பர்கள் உலவும் காட்டிற்குப் போர்ப்பணிக்கு அனுப்புவது பொருந்துமா? விதி முதுகின் பாரத்தை அளந்தது. உயிருக்கு நேரும் அபாயத்தை அளக்கவில்லை. வயது முதிர்ந்த யானையை எப்பணிகளினின்றும் விலக்குவது என்பதைத் தெளிவாக வரையறுத்தால்தான் ஓய்வு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகும். இறந்தபின் செய்யும் மரியாதையினும், இருக்கும்போது அளிக்கும் நிழலும் நீரும் அமைதியுமே அவ்யானைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.