புறக்கடைக் கோழி வளர்ப்பு (விருத்தாசலம் வட்டாரம்)

புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் கோழிகளைப் பகலில் மேயவிட்டு, இரவில் அடைத்து வளர்க்கும் முறையாகும். கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டாரத்துச் சிற்றூர்களில் புதிதாக மனை அமைக்கும் குடும்பம் 10 பெட்டைகளும் ஒரு சேவலும் கொண்ட சிறு மந்தைக்கு இடமும் கூடும் திட்டமிடும் விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழகத்தில் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு நாமக்கல்லும் கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பல்லடமும் பெயர் பெற்றவை. விருத்தாசலம் அவ்வரிசையில் சேராது. பீங்கான் தொழிலுக்கும், நிலக்கடலை, முந்திரி ஆய்வில் ஈடுபட்டுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கும் அறியப்பட்ட ஊர் இது. இங்குக் கோழி என்பது பெரும்பாலும் பெண்களின் சிறுவாட்டுப் பணம். பள்ளிச் செலவுக்கோ மருத்துவச் செலவுக்கோ உடனே விற்கக்கூடிய பொருள். ஆகவே ஒரே வாரத்தில் மந்தை முழுவதும் மடிவது குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று.

மனையில் இடம்

கூடு மேட்டு நிலத்தில் அமைய வேண்டும். மணிமுத்தாற்றங்கரையை ஒட்டிய தாழ்வான மனைகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தரை ஊறிவிடும். ஈரத் தரையில் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் எளிதில் பரவும். கிணற்றிலிருந்தும் கூட்டைத் தள்ளி வைப்பது அவசியம்.

காற்றின் திசையும் கருதத்தக்கது. இவ்வட்டாரத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் தென்மேற்கிலிருந்தும் மற்றொரு பகுதியில் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. எனவே வீட்டுக்கு வடமேற்கிலோ தென்கிழக்கிலோ கூடு இருந்தால் இரு பருவங்களிலும் எச்சத்தின் வாடை வீட்டை நேராகத் தாக்காது. இவ்விரண்டில் மேற்குப் பக்கம் பூவரசு, புங்கம் போன்ற நிழல்மரம் உள்ள மூலையே சிறந்தது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இளைத்தே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில் பிற்பகல் நிழல் இல்லாத கூடு அடுப்புக்கு ஒப்பானது.

கூடு

கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருத்தல் வேண்டும். அவ்வாறு அமைத்தால் காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். இரவில் அடைக்க ஒரு கோழிக்கு ஏறத்தாழ 1 சதுர அடி போதுமானது. 4 அடி நீளமும் 3 அடி அகலமும் உடைய மரக்கூடு ஒன்றைத் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால்களின் மேல் நிறுத்தினால் மேற்கூறிய மந்தைக்குப் பொருந்தும். உள்ளே படுக்கும் சட்டங்கள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஏற்றத்தாழ்வாக இருப்பின் மேற்சட்டத்துக்காகக் கோழிகள் சண்டையிடும்.

கூரைக்குக் கீற்று குளிர்ச்சியானது. ஆனால் இறுகக் கட்டப்பட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இம்மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் குடிசைகளையும் பெருமளவில் அழித்தது. வடகிழக்குப் பருவத்தில் சாரல் அடிக்கும் பக்கங்களில் சாக்குத் திரை தொங்கவிடலாம். காற்றோட்டத்தை முழுவதும் அடைத்துவிடக் கூடாது.

மண்சுவர்க் கூடு செலவு குறைந்தது. எனினும் அதன் வெடிப்புகளில் கோழி உண்ணி பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும். வெடிப்புகளைப் பூசி ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்காவிட்டால் சிக்கனம் பயனற்றதாகிவிடும். கீரியும் சாரைப்பாம்பும் சிறு இடைவெளியிலும் நுழையக்கூடியவை. ஆதலால் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை தேவை. அந்தி சாய்ந்ததும் கதவை மூடுவது வலையைவிட முக்கியமானது. தாயுடன் உள்ள குஞ்சுகளை முதல் சில வாரங்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பருந்து, காகங்களிடமிருந்து காக்கலாம்.

தீவனம்

மேயும் கோழிக்குத் தானியம் ஓரளவு கொடுத்தால் போதும். புரதமே குறைவாகக் கிடைக்கிறது. இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், தென்னை நார் ஆகியவற்றைத் திணித்து நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பர். மறுநாள் காலையில் பானையில் சேர்ந்திருக்கும் கரையான் குஞ்சுகளுக்கு இரையாகும்.

நிலக்கடலை விளையும் பகுதியாதலால் கடலைத்தோலைக் கூட்டின் தரையில் பரப்பலாம். அது ஈரம் உறிஞ்சும், பின்னர் எச்சத்துடன் மக்கி எருவாகும். பூசணம் பிடித்த தோலையோ பிண்ணாக்கையோ மட்டும் பயன்படுத்தக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்த பூசண நஞ்சே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது இவ்வாறே.

வெள்ளைக்கழிச்சல்

நல்ல கூடும் தீவனமும் இருந்தும் மந்தை அழிவதற்கு முதன்மைக் காரணம் வெள்ளைக்கழிச்சல் எனும் தீநுண்ம நோயாகும். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இனங்காணப்பட்டதால் நியூகாசில் நோய் என்றும், இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்றும் இது அழைக்கப்படுகிறது. வெண்மை அல்லது பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளல் ஆகியன அறிகுறிகள். நோய் கண்ட பின் மருந்து இல்லை.

தடுப்பூசியே வழி. குஞ்சு பொரித்த 7ஆம் நாளில் எஃப் வகை மருந்து கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடப்படுகிறது. 8ஆம் வாரத்தில் ஆர்2பி வகை மருந்து இறக்கையின் தோலடியில் செலுத்தப்படுகிறது. இம்மருந்துகள் குளிர்ச்சியில் வைக்கப்படாவிட்டால் செயலிழக்கும். சிற்றூர்களில் இதுவே பெரும் இடையூறு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய வாய்வழிக் குருணை மருந்து வெப்பத்தை ஓரளவு தாங்குவதாலும், ஊசியின்றித் தீனிபோல் கொடுக்கக்கூடியதாலும் சிறு மந்தைகளுக்கு ஏற்றது. கால்நடைப் பராமரிப்புத் துறை கோடைக்கு முன் நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாம்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்கம் செய்வது வழக்கம்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே மந்தையில் விடுவதுதான் நோய் வீட்டுக்குள் நுழையும் பொதுவான வழி. புதுக்கோழிக்கென்று மனையின் எதிர்மூலையில் தனிக் கூண்டு ஒன்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, குறைந்தது 2 வாரங்கள் அதில் வைத்துப் பார்க்க வேண்டும். இறந்த கோழிகளை வேலியோரத்தில் வீசாமல் ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதற்கும் கிணற்றுக்கு அப்பால் ஓர் இடம் குறித்துக்கொள்வது நன்று.