ஏர் வேறு, சென்ட் வேறு



ராசிபுரம் பக்கம் ஒரு பெரியவர் தம் காட்டை விற்கப் பேசிக்கொண்டிருந்தார். பட்டாவில் பரப்பு 0 - 40.50 என்று இருந்தது. "நாப்பது சென்ட்டுத்தானுங்க" என்றார் தரகர். பக்கத்தில் நின்ற பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாரு, அது சென்ட்டு இல்லீங்க, ஏரு" என்றான். 40.50 ஏர் என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், அதாவது நூறு சென்ட். பேரன் இல்லாவிட்டால் அறுபது சென்ட் காடு பேச்சோடு பேச்சாகப் போயிருக்கும்!

இந்தக் குழப்பத்துக்கு வயது இருநூறுக்கு மேல். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் என்ற இராணுவ அதிகாரி நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாக இருந்தவர்தான் பிற்பாடு சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ. வரி போட வேண்டுமே, நிலத்தை அளக்கத் தொடங்கினார்கள். 19-ம் நூற்றாண்டுச் சர்வேயில் ஆங்கிலேயரின் ஏக்கரே நிலைத்துவிட்டது.

அளந்த சங்கிலி 66 அடி நீளம், அதில் நூறு லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். சீமையில் ஏக்கரை ரூட், பெர்ச் என்று பிரித்தார்கள். நூறாகப் பிரித்துச் சென்ட் என்று சொல்வது நம் தென்னாட்டில் வேரூன்றிய வழக்கம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

நாடு விடுதலை பெற்றபின் 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோ புழங்கியது. சந்தையில் வீசை போய்விட்டது. ஆனால் காட்டில் ஏக்கர் போகவில்லை. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா ஹெக்டேர், ஏருக்கு மாறியது. வாய் மட்டும் சென்ட்டிலேயே நிற்கிறது.

கணக்கு சுலபம்தான். புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள ஏரை 2.47 ஆல் பெருக்குங்கள், சென்ட் வந்துவிடும். ஹெக்டேர் என்றால் 247 சென்ட். புலப்படத்தையும் கவனியுங்கள். பழைய படத்தில் 200 என்றால் 200 லிங்க், அதாவது 132 அடி. புதிய படத்தில் அதே 200 மீட்டராக இருக்கும். அது 656 அடி. வரப்புத் தகராறுக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்கர் ஏக்கரும் நம் ஏக்கரும் ஒன்றுதான். காலன்தான் ஏமாற்றும். இங்கிலாந்து 1824-ல் புதுக் காலன் வைத்தது, 4.546 லிட்டர். அமெரிக்கர் பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டார்கள், 3.785 லிட்டர். அவர்கள் புத்தகத்தில் நூறு காலன் தண்ணீருக்குச் சொன்ன மருந்தை 454 லிட்டரில் கலந்தால் வீரியம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். புழு சாகாது, காசு சாகும். டன்னும் அப்படியே: சிகாகோவில் சோயாப் புண்ணாக்கு விலை சொல்லும் டன் 907 கிலோதான். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் விலை ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

மெட்ரிக் வந்து இத்தனை வருஷம் ஆயிற்றே என்று உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மேட்டூர் நீர்மட்டத்தை நாங்களும் அடியில்தானே சொல்கிறோம்? முழுக் கொள்ளளவு 120 அடி, 36.58 மீட்டர் என்றால் கரையில் நிற்பவருக்கே அடையாளம் தெரியாது.