இச்சட்டம் யாருக்கு?

உலகில் எந்தச் சர்க்காரும் மக்களின் வாயை மூடுவதற்காகவே ஒரு சட்டம் செய்கிறோம் என்று சொல்லிச் செய்ததாகச் சரித்திரம் இல்லை. கொலைகாரனுக்காக, குண்டு வீசுவோனுக்காக, நாட்டைக் கவிழ்க்க நினைப்போனுக்காக என்று சொல்லியே அவை செய்யப்படுகின்றன. ‘யோக்கியமாகப் பாடுபட்டுப் பிழைப்பவனுக்கு இதனால் என்ன பயம்?’ என்ற சமாதானமும் கூடவே வருகிறது. அந்தச் சமாதானம் எத்தனை முறை மெய்யாயிற்று, எத்தனை முறை பொய்யாயிற்று என்று கணக்குப் பார்ப்பதே இவ்வியாசத்தின் நோக்கம். யான் ஜோகூரில் ஒரு தோட்டத்துக் கிராணி. கணக்குப் பார்ப்பது என் தொழில்.

சென்ற வருஷம் எங்கள் லயங்களுக்குக் குடிநீர் ஒழுங்காக வரவில்லை. குடும்பத்தார் பலர் ஒன்று கூடி, ஒரு மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்பதால் இவ்வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திடும் வேளையில் ஒரு மூதாட்டியார் பேனாவை வாங்காமல், “கிராணி ஐயா, பேரு போட்டா பிடிச்சுக்கிட்டுப் போயிட மாட்டாங்களே?” என்று கேட்டார். தண்ணீர் கேட்பதற்கும் சிறைக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கிருந்த இளைஞர்கள் நகைத்தார்கள். எனக்கு நகைப்பு வரவில்லை. அவருடைய தாய்மாமன் அவசரகால நாட்களில் தோட்டத்தில் சங்கச் சந்தா வசூலித்தவர். ஒரு நாளிரவு அழைத்துச் செல்லப்பட்டவர் வீடு திரும்பவில்லை. கப்பலேற்றிவிட்டார்கள் என்று நெடுநாள் கழித்தே தெரிந்ததாம். அன்று பிறந்த அச்சம் மூன்று தலைமுறை கடந்தும் அக்குடும்பத்தை விடவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், மனுவை எழுதிய எனக்கும் அதன்கீழ் என் பெயரை இடும் துணிவு அப்போது வரவில்லை.

நிற்க. இக்கணக்கை 1919-ம் வருஷத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அவ்வருஷம் இந்தியாவில் ரௌலட் சட்டம் கொண்டுவரப்பட்டது. புரட்சிக்காரரின் சதிகளை ஒடுக்குவதற்கே அது என்று சர்க்கார் சொல்லிற்று. விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், ஜூரிகளும் மேல்முறையீடும் இல்லாமல் வழக்கை முடிக்கவும் அது இடங்கொடுத்தது. சட்டசபையில் இதை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் நம் கும்பகோணம் பக்கத்து வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரியார். அவர் தீவிரவாதியல்லர், சர்க்காரோடு ஒத்துப்போகும் மிதவாதி. கெட்ட சட்டம் ஒருமுறை நிறைவேறிவிட்டால் அது எப்போதும் கெட்டவர்கள் மீதே பாய்வதில்லை என்பதே அவர் எடுத்துரைத்த வாதத்தின் சாரம். அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மார்ச்சு மாதத்தில் சட்டம் நிறைவேறிற்று. ஏப்ரல் 6-ந் தேதி நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. 13-ந் தேதி அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த மக்கள் சுடப்பட்டார்கள். சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கின்படியே மாண்டவர் 379 பேர். அங்கே செத்தவர்களில் எவரும் வெடிகுண்டு ஏந்தி நிற்கவில்லை. கூட்டம் கூடினார்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம். எதிர்ப்பு ஓயாததனால் 1922-ல் சர்க்காரே அச்சட்டத்தை நீக்க நேர்ந்தது.

இதே சாஸ்திரியார்தான் 1936-ம் வருஷக் கடைசியில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, நம் தொழிலாளர் நிலைமை பற்றி அறிக்கை எழுதியவர். அவ்வறிக்கை போதாது என்று அக்காலத்துத் தமிழர் பலர் குறை கூறினர். அது வேறு விஷயம். அவர் வந்துபோய் ஐந்து வருஷம் ஆகுமுன் இங்கு நடந்ததே நாம் கவனிக்க வேண்டியது.

1941-ம் வருஷம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் கேட்டவை எவை? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடவாமை, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழித்தல். இவற்றுள் எது பயங்கரம்? ஆயினும் மே மாதத்தில் அவர்கள் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுதலை செய்யுமாறு தொழிலாளர் திரண்டபோது சிலாங்கூரில் அவசரநிலை விதிக்கப்பட்டது, பட்டாளம் வந்தது, துப்பாக்கி சுட்டது, தொழிலாளர் சிலர் மாண்டனர். யுத்தகாலம், ரப்பர் யுத்தத்துக்கு வேண்டிய பொருள் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம்.

இனி ஜோகூருக்கு வருவோம். 1948-ம் வருஷத் தொடக்கத்தில் இம்மாநிலத்துத் தோட்டங்கள் பலவற்றில் கூலித் தகராறுகள் நிகழ்ந்தன. சிகாமட் அருகே ஒரு தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் போலீசார் பாய்ந்ததில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதே சமயத்தில், வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணைவதைத் தடுக்கும் திருத்தத்தைச் சர்க்கார் கொண்டுவந்தது. இவையெல்லாம் அவசரநிலைக்கு முன் நடந்தவை என்பதை நேயர்கள் மறக்கலாகாது. ஜூன் 16-ந் தேதி பேராக்கில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டார்கள். அது கொடிய கொலை. அதை நியாயப்படுத்த எவராலும் முடியாது. ஆனால் அக்கொலையைத் தொடர்ந்து முதலில் பேராக்கிலும் ஜோகூரிலும், இரண்டு நாட்களுக்குள் கூட்டரசு முழுமையிலும் விதிக்கப்பட்ட அவசரகாலச் சட்டம், கொன்றவனைத் தேடுவதோடு நிற்கவில்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம், நாடு கடத்தும் அதிகாரம், துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கிலிடும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தன. காட்டிலிருந்தவனைப் பிடிப்பது கடினம். லயத்திலிருந்தவனைப் பிடிப்பது எளிது. ஆகவே சந்தா வசூலித்தவனும், கூட்டத்தில் பேசியவனும், மனு எழுதியவனும் பிடிபட்டார்கள்.

அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949-ம் வருஷம் மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய சர்க்காரின் முறையீடும் பயன்படவில்லை. அதற்கு முந்திய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர்கள் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர்கள். அக்கட்சியின் வழி சரியா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆயினும் ஒரு துப்பாக்கிக்கு ஓர் உயிர் என்ற தண்டனையும், அதைக் கண்டு தோட்டந்தோறும் படர்ந்த மௌனமும் பல்லாயிரம் தொழிலாளரைப் பாதித்தன. 1950-ல் மக்களைக் கம்பிவேலிக்குள் குடியமர்த்தும் திட்டமும் தெற்கு ஜோகூரிலேதான் தொடங்கிற்று. காலையில் பால்வெட்டப் போன பெண்களை வேலிவாயிலில் நிறுத்தி, அரிசி கொண்டுபோகிறாயா என்று சோதித்தார்கள். 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த பிறகே நம்மவர் குரல் மீண்டும் ஒன்றுபட்டு ஒலித்தது.

அவசரநிலை 1960-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி முடிவடைந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. போலீசார் 60 நாள் வைத்திருக்கலாம். அதன்பின் மந்திரி ஒரு கையெழுத்தால் இரண்டு வருஷம் வைக்கலாம். அதையும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம். காட்டிலுள்ள எதிரிக்காகவே இது என்று வாக்களித்தார்கள். சட்டத்தை எழுதிக்கொடுத்த ஹிக்லிங் என்ற ஆங்கிலேயரே, அமைதியான வழியில் நடப்பவர்கள்மேல் இது பாயும் என்று தாம் எண்ணியதில்லை எனப் பிற்காலத்தில் எழுத நேர்ந்தது. 1979-ல் மலேசிய விமானச் சேவை ஊழியர் தகராற்றின்போது போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் வி. டேவிட் இச்சட்டத்தில் பிடிக்கப்பட்டார். 1987-ல் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்தபோதும் அவர் அதில் ஒருவர். விமானத் தொழிலாளி கூலி கேட்பதற்கும் காட்டிலுள்ள எதிரிக்கும் என்ன உறவு?

2007-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி நம்மவர்கள் ஆயிரமாயிரமாகக் கோலாலம்பூரில் திரண்டதை நேயர்கள் அறிவார்கள். அடுத்த மாதமே ஹிண்ட்ராப் இயக்கத்தினர் ஐவர் விசாரணையின்றிக் கமுந்திங் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மனோகரன், காவலிலிருந்தபடியே 2008-ம் வருஷத் தேர்தலில் கோத்தா ஆலம் ஷா தொகுதியில் வென்றார். சர்க்கார் ஆபத்தானவர் என்று அடைத்த மனிதரை மக்கள் தங்கள் பிரதிநிதியென்று தேர்ந்தெடுத்தார்கள். இதைவிடத் தெளிவான பொதுஜனத் தீர்ப்பு வேறு என்ன வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. குண்டர்களை அடைப்பதற்கென்று 1969-ல் வந்த அவசரகாலச் சட்டத்தில் பிடிபட்டோரை வைக்கும் முகாம் நம் ஜோகூர் சிம்பாங் ரெங்கத்தில் இருந்தது. 2011-ல் ஓர் ஊர்வலத்துக்கு முன்பாக அச்சட்டத்தில் அடைக்கப்பட்டவர் யார் தெரியுமா? சுங்கை சிப்புட் பாராளுமன்ற உறுப்பினர், வைத்தியர் ஜெயக்குமார். 1948-ல் எவ்வூரின் கொலையைக் காரணம் காட்டி இவ்வகைச் சட்டங்கள் பிறந்தனவோ, அவ்வூர் மக்களின் பிரதிநிதியே அறுபத்து மூன்று வருஷங்களுக்குப் பின் அவற்றிலொன்றில் அகப்பட்டார்.

கடல் கடந்த இடங்களிலும் கணக்கு இதுவே. இலங்கையில் 1979-ல் தற்காலிகமென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-ல் நிரந்தரமாயிற்று. இந்தியாவில் 2002-ல் பொடாச் சட்டம் வந்தபோது, அதைக் கொண்டுவந்த கூட்டணியில் வைகோவின் கட்சியும் இருந்தது. அவ்வருஷமே திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே சட்டத்தில் அவர் பத்தொன்பது மாதம் சிறையிருந்தார். சட்டத்துக்குக் கை தூக்கினவர்களையும் சட்டம் தெரிந்துகொள்ளாது.

‘அப்படியானால் நாட்டைக் குண்டு வீசுவோனிடம் விட்டுவிடுவதா?’ என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கொலைக்கும் வெடிகுண்டுக்கும் சாதாரணச் சட்டத்திலேயே கடுந்தண்டனை உண்டு. நாம் கேட்பது குற்றவாளியை விடும்படியன்று. பிடித்தவனை நீதிபதியின் முன் நிறுத்தும்படியே. ஜாமீன் தருவதா மறுப்பதா என்பதைச் சட்டசபை முன்கூட்டியே முடிவு கட்டாமல் நீதிபதி முடிவு செய்யட்டும். குற்றத்தை மெய்ப்பிக்கும் பாரம் குற்றஞ்சாட்டுவோனுக்கே இருக்கட்டும். இம்மூன்றும் இருந்தால் கொலைகாரன் தப்பமாட்டான். மனுக் கொடுப்பவனும் அகப்படமாட்டான்.

எதிர்ப்பு வீணாயிற்றா? இல்லை. 2009-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒழிக்க வேண்டுமென்று எல்லா இனத்தவரும் கோலாலம்பூர் வீதிகளில் நடந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். 2011 செப்டம்பரில் பிரதம மந்திரியே அதை நீக்குவதாக அறிவித்தார். 2012-ல் அது நீங்கிற்று. ஐம்பத்திரண்டு வருஷத்துச் சட்டம் மக்கள் குரலுக்குப் பணிந்தது.

ஆனால் அவ்விடத்தில் சொஸ்மா என்ற வேறு சட்டம் அமர்ந்தது. போலீஸ் காவல் 28 நாள். வழக்குப் போட்டபின்னும் ஜாமீன் பெரும்பாலும் இல்லை. எவரையும் அரசியல் கொள்கைக்காகப் பிடிப்பதில்லை என்று அதிலேயே எழுதியிருந்தும், 2016-ல் நேர்மையான தேர்தல் கோரிய ஊர்வலத்துக்கு முந்திய நாள் அவ்வியக்கத் தலைவி மரியா சின் அப்துல்லா அதில்தான் அடைக்கப்பட்டார். 2019-ல் விடுதலைப்புலிகளுடன் தொடர்பு என்று சொல்லிச் சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்படப் பன்னிருவர் பிடிக்கப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் வழக்குகள் அனைத்தும் கைவிடப்பட்டன. அதுவரை அவர்கள் சிறையில் கழித்த நாட்களைத் திருப்பித் தருவார் யார்? மறுபுறம், 2025 ஜூலை 1-ந் தேதி கூட்டரசு நீதிமன்றம், ஊர்வலத்துக்கு முன்னறிவிப்புக் கொடாதவரைக் குற்றவாளியாக்கும் விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தட்டுவோர் இருந்ததாலன்றோ இது கிட்டிற்று?

ஆகவே தோழர்களே, புதிதாய் ஒரு பாதுகாப்புச் சட்டம் வரும்போது, அது யார் பெயரைச் சொல்லி வருகிறது என்று பாராதீர்கள். யாரைப் பிடிக்க இடங்கொடுக்கிறது என்று பாருங்கள். ஆளுவோர் நல்லவர்கள்தாமே என்றும் ஏமாறாதீர்கள். ஆளுவோர் மாறுவார்கள், சட்டம் இருக்கும். லயத்தில் படித்தவன் படியாதவனுக்கு வாசித்துக் காட்டட்டும். நம் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதுவோம், கூட்டம் கூடுவோம், அதற்கு உரிமை உண்டென்பதை அறிந்து கூடுவோம்.

அன்று அந்த மூதாட்டியாருக்கு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைக் கூறும் அரசியல் சாசனத்தின் பத்தாவது விதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்து, “அப்ப நீங்க மொதல்ல போடுங்க ஐயா” என்றார். போட்டேன். என் பெயருக்குக் கீழே அவர் மெதுவாகத் தம் பெயரை எழுதினார். தண்ணீர்க் குழாய் அடுத்த மாதம் சீராயிற்று. எவரும் எங்களைத் தேடி வரவில்லை. எவரும் தேடி வராத நாடாகவே இது இருக்கவேண்டுமானால், மனுவின் அடியில் பெயரிடும் வழக்கத்தை நாம் விட்டுவிடலாகாது.