பழைய போர்ஷே 944 டர்போ வாங்குவோர் கவனிக்க வேண்டியவை: வண்ணப்பூச்சை விட ரசீதுகளே முக்கியம்

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1985-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 944 டர்போ, பழைய விளையாட்டு ரகக் கார்களை விரும்புவோரிடையே இன்றும் மதிப்பிழக்காத வாகனங்களுள் ஒன்று. 2,479 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜின், 220 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 245 கிலோமீட்டர் உச்ச வேகம் என அக்காலத்தில் வியக்கவைத்த கார் இது. 1991-ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்ட இந்தக் கார்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய கார் சந்தையில் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

இதே நிறுவனத்தின் 911 டர்போவுடன் ஒப்பிடுகையில் இதன் விலை நெடுங்காலம் குறைவாகவே இருந்து வந்தது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். மலிவாகக் கிடைத்ததால், பராமரிக்கும் வசதி இல்லாதவர்களின் கைகளிலும் இந்தக் கார்கள் சிக்கின. விலை குறைந்தாலும் உதிரி பாகங்களின் விலையோ பழுதுபார்ப்புக் கூலியோ குறையவில்லை. ஆகவே, வெளியே பளபளக்கும் ஒரு காரை வாங்கிய சில மாதங்களில், வாங்கிய விலையைப் பழுதுபார்ப்புச் செலவு எட்டிவிடும் நிலை அரிதல்ல.

முதலில் ஆவணங்கள்

காரைப் பார்ப்பதற்கு முன்பே ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது நல்லது. சாதாரண 944 காரின் முகப்பை மாற்றி டர்போ போலத் தோன்றச் செய்வது கடினமல்ல என்பதால், சேசிஸ் எண்ணைச் சரிபார்ப்பது முதற்படி. பதினேழு இடங்கள் கொண்ட அந்த எண்ணில் 7, 8-ஆம் இடங்களில் 95 என்ற இலக்கங்களும், 12-ஆம் இடத்தில் 1 என்ற இலக்கமும் இருந்தால், அது டர்போ வகையைக் குறிக்கும் 951 என்ற உள்குறியீடு. 10-ஆம் இடத்திலுள்ள ஆங்கில எழுத்து மாடல் ஆண்டைக் காட்டும். 1986-க்கு 'ஜி', 1987-க்கு 'எச்', 1988-க்கு 'ஜே' என அது தொடர்கிறது.

1988-ஆம் ஆண்டு வெளியான 'டர்போ எஸ்' வகை 250 குதிரைத்திறன் கொண்டது; அதற்குக் கூடுதல் விலை கேட்கப்படுகிறது. விற்பவர் அவ்வாறு கூறினால், பராமரிப்புக் கையேட்டில் ஒட்டப்பட்டிருக்கும் தொழிற்சாலைச் சீட்டில் 758 என்ற குறியீடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். சீட்டு கிழிக்கப்பட்டிருந்தால் அதற்கான காரணத்தைக் கேட்பதில் தவறில்லை.

பெல்ட் எப்போது மாற்றப்பட்டது?

இந்தக் காரைப் பொறுத்தவரை, விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி டர்போவைப் பற்றியதல்ல; டைமிங் பெல்ட்டைப் பற்றியது. என்ஜினின் முன்புறம் இரண்டு ரப்பர் பெல்ட்கள் உள்ளன. ஒன்று வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சுழற்றுகிறது. மற்றொன்று, அதிர்வைக் குறைப்பதற்கான இரு சமநிலைத் தண்டுகளைச் சுழற்றுகிறது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் காப்புரிமைக்குக் கட்டணம் செலுத்தி போர்ஷே பயன்படுத்திய தொழில்நுட்பம் இது. பெரிய நான்கு சிலிண்டர் என்ஜின் இவ்வளவு மென்மையாக ஓடுவதற்கு அதுவே காரணம்.

கேம் பெல்ட் அறுந்தால், திறந்த நிலையிலுள்ள வால்வுகள் மேலெழும் பிஸ்டன்களோடு மோதி வளைந்துவிடும். சிலிண்டர் தலைப்பகுதியை முழுவதுமாகக் கழற்றிச் சீரமைக்க நேரிடும். சமநிலைத் தண்டின் பெல்ட் அறுந்து, கேம் பெல்ட்டில் சிக்கினாலும் விளைவு அதுதான். தண்ணீர் பம்பும் கேம் பெல்ட்டினாலேயே இயங்குவதால், பம்பின் பேரிங் இறுகிப்போனால் பெல்ட்டும் சேதமடையும். முன்புற ஆயில் சீல்கள் கசிந்து பெல்ட் எண்ணெயில் ஊறினால் அதன் ஆயுள் மேலும் குறையும்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையோ, சுமார் 48,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ, இவற்றில் எது முந்துகிறதோ அதன்படி பெல்ட்களை மாற்றுவது இக்கார்களைப் பராமரிப்போரிடையே நிலவும் வழக்கம். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "கார் பத்து ஆண்டுகளில் ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது" என்று விற்பவர் பெருமையாகக் கூறுவார். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும். பத்து ஆண்டுப் பழைய பெல்ட்டுடன் நிற்கும் கார், எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், ஆபத்தான கார்தான். தேதியும் கிலோமீட்டரும் குறிப்பிடப்பட்ட ரசீது இல்லையெனில் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்க வேண்டும். அந்த ரசீதில் பெல்ட் மட்டும் உள்ளதா, அல்லது தண்ணீர் பம்பு, உருளைகள், ஆயில் சீல்கள் ஆகியவையும் மாற்றப்பட்டுள்ளனவா என்பதையும் பார்ப்பது அவசியம்.

குளிர்ந்த என்ஜினை இயக்கிப் பாருங்கள்

பார்க்க வருவதற்கு முன் காரை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே கூறிவிடுவது நல்லது. சென்றதும் முகப்பு மூடியில் கை வைத்துப் பார்த்தால் அவர் சொல் காத்தாரா என்பது தெரிந்துவிடும். சூடான என்ஜின் பல குறைகளை மறைக்கும்.

இயக்கிய சில நொடிகளுக்கு மெல்லிய நீலப்புகை வந்து மறைந்தால், வால்வுகளைச் சுற்றிய சீல்கள் பழையனவாகியிருக்கலாம். அது பேசித் தீர்க்கக்கூடிய குறை. என்ஜின் சூடான பின்னும் நீலப்புகை தொடர்ந்தால் டர்போவின் சீல்களையோ பிஸ்டன் வளையங்களையோ சந்தேகிக்க வேண்டும். இனிப்பு வாடையுடன் வெண்புகை நில்லாமல் வெளியேறினால் கூலண்ட் எரிகிறது என்று பொருள். கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறந்து (என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்) எண்ணெய்ப் படலம் உள்ளதா என்று பார்ப்பதும், ஆயில் மூடியின் அடியில் பழுப்பு நிறக் குழம்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் ஹெட் கேஸ்கெட்டின் நிலையைத் தெரிவிக்கும். அதிக அழுத்தத்தில் ஓட்டப்பட்ட 944 டர்போக்களில் இந்தக் கேஸ்கெட் பழுதாவது நன்கு அறியப்பட்ட குறை.

நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவைச் சோதிக்க விற்பவர் அனுமதிக்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதை விட நான்கும் ஏறக்குறைய சமமாக உள்ளனவா என்பதே முக்கியம். இந்த என்ஜினின் சிலிண்டர்களுக்குத் தனி இரும்பு உறை கிடையாது; பிஸ்டன்கள் சிலிக்கான் கலந்த அலுமினியத்தின் மீதே நேரடியாக இயங்குகின்றன. அதில் கீறல் விழுந்தால் சீரமைப்பது எளிதோ மலிவோ அல்ல.

டர்போவும், கூட்டப்பட்ட அழுத்தமும்

வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. வேகமாக ஓட்டிவிட்டு உடனே என்ஜினை நிறுத்தினால், தேங்கி நிற்கும் எண்ணெய் வெப்பத்தில் கருகிக் கட்டியாகிவிடும். இதைத் தடுக்க டர்போவின் பேரிங் பகுதிக்குக் குளிர்நீர் ஓட்டத்தையும், என்ஜினை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் ஓடும் சிறிய மின் பம்பு ஒன்றையும் போர்ஷே அமைத்தது. சாவியைத் திருப்பி நிறுத்தியதும் முன்புறத்தில் அந்தப் பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில் பம்போ அதன் இணைப்போ செயலிழந்திருக்கலாம். விற்பவர்களே பலமுறை அறியாத குறை இது.

காற்று உள்ளே செல்லும் குழாயைக் கழற்றி, டர்போ தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு. முன்னும் பின்னும் அசைந்தாலோ, இதழ்கள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ அந்த டர்போவின் ஆயுள் முடிந்துவிட்டது. இன்டேக் குழாய்த் தொகுதிக்குக் கீழே மறைந்திருப்பதால், அதைக் கழற்றி மாட்டும் கூலியும் கணிசமானது.

டர்போவே பழுதாவதைக் காட்டிலும், முந்தைய உரிமையாளர் அதை எப்படி மாற்றியமைத்தார் என்பதே பெரிய கவலை. சிறிய மின்னணுச் சில்லு ஒன்றை மாற்றுவதன் மூலம் அழுத்தத்தை உயர்த்திக் கூடுதல் திறன் பெறுவது பல ஆண்டுகளாகப் பரவலாக உள்ளது. இதைக் கண்டறிய டாஷ்போர்டிலுள்ள அழுத்தமானியே போதும். அது காற்றழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் வகையைச் சேர்ந்தது. என்ஜின் நின்றிருக்கும்போது முள் 1 என்ற அளவில் நிற்கும். தொழிற்சாலை அமைப்பில் முழு வேகத்தில் அது சுமார் 1.7 வரை செல்லும். அதைத் தாண்டி 2-ஐ நெருங்கினால் அழுத்தம் கூட்டப்பட்டுள்ளது என்று கொள்ளலாம். மாற்றம் செய்தவர் யார், எந்தப் பாகங்களைக் கொண்டு செய்தார் என்பதற்கு ஆவணம் இருந்தால் ஒரு கதை. "யாரோ முன்பு செய்தார்கள்" என்பது வேறு கதை.

மாறாக, முள் 1.4 அளவிலேயே நின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ரப்பர் குழாய் ஒன்றில் விழுந்த வெடிப்போ, மிகுதியான அழுத்தத்தை வெளியேற்றும் வேஸ்ட்கேட் வால்வின் தேய்மானமோ காரணமாக இருக்கலாம். ஆனால் அதே பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களாக இருந்தால் நிலை வேறு. சூடான என்ஜினின் மீது பெட்ரோல் கசிந்தால் கார் தீப்பற்றும். குழாய்கள் புதியவை என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் நெடுந்தொலைவு ஓட்டிச் செல்லாமல் வண்டியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு.

ஓட்டிப் பார்க்கையில்

முதன்முறை ஓட்டுபவர்களுக்கு 3,000 சுற்றுகளுக்குக் கீழே கார் மந்தமாகத் தோன்றும், அது குறையன்று. அதற்கு மேல் முதுகைத் தள்ளுவது போன்ற விசை வரவேண்டும், இடையில் தடுமாறக் கூடாது. உயர் கியரில் விசையைக் கூட்டும்போது வேகம் ஏறாமல் என்ஜின் சுற்றுகள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் பாக்ஸ் பின்புறம் இருப்பதாலும், அதை என்ஜினுடன் நீண்ட குழாய்த் தண்டு இணைப்பதாலும், கிளட்ச்சை மாற்ற சைலன்சர் குழாய் முதல் பின்புற இணைப்புகள் வரை கழற்ற வேண்டும். தட்டின் விலையை விடக் கூலியே மிகுதி. பழைய தட்டுகளின் நடுவிலுள்ள ரப்பர் முன்னறிவிப்பின்றி உடைவதும் உண்டு.

நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் என்ஜின் தாங்கிகள் தளர்ந்திருக்கலாம். முன்சக்கரங்களைத் தாங்கும் அலுமினியக் கைகளின் பந்து மூட்டு தேய்ந்தால், முழுக் கையையும் மாற்றுவதே தொழிற்சாலை முறை.

துத்தநாகம் பூசப்பட்ட உடல் என்பதால் துரு குறைவு என்றாலும், கதவுகளுக்குக் கீழுள்ள பகுதியைக் குனிந்து பார்க்கத் தவறக் கூடாது. பின்புறக் கம்பளத்தைத் தூக்கி, உபரி சக்கரக் குழியில் நீர் தேங்கியுள்ளதா என்று பார்த்தால் கண்ணாடிக் கதவின் ரப்பர் நிலை தெரியும். வெடித்த டாஷ்போர்டு கண்ணை உறுத்தும். ஓட்டத்துக்கு அதனால் பாதகமில்லை.

இந்தியாவுக்குக் கொண்டு வர இயலுமா?

வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள், இத்தகைய காரை வாங்கிப் பின்னர் தாயகம் கொண்டு வரலாம் என்று எண்ணினால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவின் பொதுவான இறக்குமதி விதிகளின்படி, பயன்படுத்திய கார் தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும், வலப்புற ஸ்டீயரிங் கொண்டதாகவும் இருக்க வேண்டும். 944 டர்போ இந்த வயது வரம்பைக் கடந்து பல ஆண்டுகளாகிவிட்டன.

விலை பேசும் முன்

போர்ஷே கார்களில் அனுபவமுள்ள, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கட்டணம் செலுத்திக் காரைத் தூக்கி நிறுத்திச் சோதிப்பது இறுதிப்படி. அச்சோதனைக்கு விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால், மெக்கானிக் தரும் குறைப்பட்டியலில் பெல்ட், கிளட்ச், பெட்ரோல் குழாய்கள் ஆகிய மூன்றுக்குமான செலவை எழுத்தில் பெற்று, அந்தத் தாளை வைத்துக்கொண்டே விலை பேசத் தொடங்க வேண்டும்.